சாரத்தில் இரண்டு பலகை

கட்டிட வேலையில் உயிர்ப்பலி வாங்கும் விபத்துகளில் முதலிடம் உயரத்திலிருந்து விழுவதற்குத்தான். செய்தித்தாளில் இதற்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது: ‘எதிர்பாராதவிதமாகக் கால் தவறிக் கீழே விழுந்தார்.’ அவர் நின்ற பலகை எவ்வளவு அகலம், பக்கவாட்டில் தடுப்பு இருந்ததா, சாரத்தைக் கட்டியது யார், கட்டி எத்தனை நாள் ஆகிறது என்று அந்த நான்கு வரிச் செய்தியில் எதுவும் வராது. நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை செய்கிறவரின் கால் எப்போதாவது தவறத்தான் செய்யும். தவறிய நேரத்தில் பிடித்துக்கொள்ள அங்கே என்ன இருந்தது என்பதைத்தான் விபத்தின் காரணமாகத் தேட வேண்டும்.

சிறிய வீடுகளுக்குப் பல ஊர்களில் இன்னமும் சவுக்குக் கம்பில்தான் சாரம் கட்டுகிறார்கள். சுவரிலிருந்து சில அடி தள்ளிக் கம்புகளை வரிசையாக நிறுத்தி, அவற்றோடு குறுக்குக் கம்பின் ஒரு முனையைக் கயிற்றால் இறுக்கி, மறுமுனையைச் சுவரில் விட்டுவைத்த பொந்துக்குள் செருகுவார்கள். அதன் மேல் இரண்டு பலகை. பொந்துக்குள் இருக்கும் பிடிமானம் சில அங்குலம்தான். கயிறு மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து தளர்ந்துபோகும். கம்பு ஏற்கெனவே நாலைந்து வீடு பார்த்த கம்பாக இருக்கும். உள்ளே உளுத்திருப்பது வெளியே தெரியாது. பூச்சு வேலை நடக்கும்போது மணியாஸ்பலகை ஓட்டுவதற்கு ஒரு குறுக்குக் கம்பு இடைஞ்சலாக இருந்தால் கொத்தனார் கட்டை அவிழ்த்து அதைத் தள்ளி வைப்பார். திரும்ப இறுக்கிக் கட்டுவது அன்றைக்கு எவ்வளவு சுவர் முடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. சாரம் கட்டியவர் அந்த நேரத்தில் வேறொரு தெருவில் வேறொரு வீட்டுக்குக் கட்டிக்கொண்டிருப்பார்.

பலகையிலும் ஒரு கண்ணி உண்டு. அதன் முனை குறுக்குக் கம்பைத் தாண்டி நீண்டு, ஆணியோ கட்டோ இல்லாமல் கிடந்தால், அந்த முனையில் கால் வைத்ததும் பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா போல மறுமுனை எழும்பிவிடும். 10 அடி உயரத்திலிருந்து தரையைத் தொட முக்கால் நொடிதான் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். ‘பத்தடிதானே’ என்று ஏறுகிற உயரத்தில்தான் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் கிடக்கும் நிலை வருகிறது.

சாரத்தை விட்டால் அடுத்தது படிக்கட்டு, தளத்தின் விளிம்பு, லிஃப்ட் குழி. படிக்குக் கான்கிரீட் போட்ட மறுவாரமே கலவை சுமக்க அதுதான் பாதை. ஆனால் கைப்பிடி வருவது டைல்ஸும் கிரில்லும் வரும் கடைசிக் கட்டத்தில். இடைப்பட்ட மாதங்கள் முழுக்க, தலையில் கலவைச் சட்டியை ஒரு கையால் பிடித்து, மறு கையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு சித்தாள் பெண்கள் அந்தப் படியில் ஏறி இறங்குகிறார்கள். பிடிக்க மூன்றாவது கையும் இல்லை, கைப்பிடியும் இல்லை. இரண்டு சவுக்குக் கம்பைக் குறுக்கே கட்டினால் தீர்ந்துவிடும் விஷயம் இது. லிஃப்ட் குழியின் மேல் போட்ட பிளைவுட் இன்னும் மோசம். ஆணி அடிக்காத பிளைவுட்டை யாராவது வேறு வேலைக்கு எடுத்துப்போவார்கள். எடுக்காவிட்டால் அதை உறுதியான தரை என்று நம்பி யாராவது மிதிப்பார்கள்.

தளம் போடும் நாளின் ஆபத்து கனத்தில் இருக்கிறது. 1,000 சதுர அடித் தளத்தை 5 அங்குல கனத்தில் போட்டால் ஈரக் கான்கிரீட் மட்டுமே சுமார் 29 டன்; ஏறக்குறைய 600 சிமெண்ட் மூட்டையின் எடை. அது இறுகும்வரை முழுதையும் தாங்குவது சென்ட்ரிங்கின் முட்டுகள். உயரம் போதாத முட்டுக்கு அடியில் செங்கல்லை அடுக்குவதும், இரண்டு துண்டுக் கம்பை ஆணி அடித்து ஒன்றாக்குவதும், முட்டுகளைக் குறுக்கே இணைக்காமல் தனித்தனியாக விடுவதும் வழக்கமாகவே ஆகிவிட்டன. கொட்டிய கலவை ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே ஒரு முட்டு நழுவும். அதன் பாரம் பக்கத்து முட்டுக்குப் போகும். பிறகு வரிசையாகச் சரியும். முட்டை முன்கூட்டியே பிரிப்பதும் அதே விளைவைத் தரும். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரக் குறியீடு, சாதாரண சிமெண்டில் நாலரை மீட்டர் வரை நீளும் தளத்துக்கு முட்டு 7 நாள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள் என்கிறது. முட்டுக்கும் ஷீட்டுக்கும் வாடகை நாள் கணக்கில் ஓடுவதால் இந்தக் கணக்கை மேஸ்திரி தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

வானம் தோண்டும்போது ஐந்தடிக்கு மேல் போனால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையேல் சரிவாக வெட்ட வேண்டும். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. இடுப்புவரை புதைந்தவரையே எளிதில் வெளியே இழுக்க முடியாது. மார்புவரை புதைந்தால் மூச்சு விட இடமில்லை. வெட்டிய மண்ணைக் குழியின் ஓரத்திலேயே குவிப்பதும், மழை பெய்த மறுநாள் பார்க்காமல் இறங்குவதும், அடித்தளம் ஆழமில்லாத பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டுவதும் சரிவுக்கு முக்கியக் காரணங்கள்.

மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று தலைக்கு மேல். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது நாலடி, இடைவெளி போதும் என்கிறது விதி. முறுக்குக் கம்பி ஒன்றின் நீளமோ 40 அடி. அதை மாடிக்குத் தூக்கும்போது ஒரு முனை சற்றே சாய்ந்தால் போதும். மற்றொன்று தரையில். பிளக் இல்லாத ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட் துளைக்குள் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகிக் கட்டிங் மெஷின் ஓட்டுவதைப் பார்க்காத வேலையிடம் அபூர்வம். தண்ணீர் தேங்கிய தளத்தில் வெறுங்காலோடு நிற்பவரைக் காப்பாற்றக்கூடியது, 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சிறு கருவி. பெரும்பாலும் அது வீடு முடிந்து, குடிவருகிறவர்களுக்காக மாட்டப்படுகிறது.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்குக்குள்ளோ, தரைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்குகிறவர்கள் மயங்கி விழுந்து இறக்கிறார்கள். இன்னும் பயன்படுத்தாத தொட்டியில் என்ன விஷவாயு இருக்கும் என்று நினைத்துத்தான் இறங்குகிறார்கள். வாரக்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டிக்குள் ஈரப் பலகை மக்கத் தொடங்கும்போது அது உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. வெளிக்காற்றில் 21 சதவீதம் அளவுக்கு இருக்கும் ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். வாடையோ எரிச்சலோ எந்த எச்சரிக்கையும் தராது. முதலில் விழுந்தவரைத் தூக்க அண்ணனோ மைத்துனனோ அவசரமாக இறங்குவார், அவரும் விழுவார். தொட்டியின் வாயை முந்தைய நாளே திறந்துவைத்து, ப்ளோயரால் காற்றை உள்ளே செலுத்தி, இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருந்தால் இந்தச் சாவு நடக்காது.

மிச்சமுள்ளவை அன்றாடக் காயங்கள். சென்ட்ரிங் பலகையின் ஆணி காலில் ஏறுவது, மேலிருந்து விழும் செங்கல், கண்ணில் தெறிக்கும் டைல்ஸ் துகள், சிமெண்ட் தின்ற விரலிடுக்குகள். இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் டீ இடைவேளையில் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவி முடிந்துபோகின்றன.

ஹெல்மெட், பெல்ட் கொடுத்தாலும் தொழிலாளர்கள் போடுவதில்லை என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெல்ட்டின் கொக்கியை மாட்ட உறுதியான இடம் இல்லாத சவுக்குச் சாரத்தில், போட்டாலும் அது இடுப்புக்குக் கனம் மட்டுமே.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தபோது நாடே பார்த்தது. அளவில் பெரியது என்பதால் விசாரணையும் வந்தது. தெருவுக்குள் நடக்கும் இரண்டு மாடி வீட்டு வேலையில் சாவு ஒவ்வொன்றாக வருகிறது. அதை எண்ணுவார் இல்லை. சட்டத்தின் பார்வையும் அங்கே எட்டுவதில்லை. 1996-ல் வந்த கட்டிடத் தொழிலாளர் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீட்டை அது விட்டுவிட்டது. 2020-ல் வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அந்த வரம்பு 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களிலும் சிற்றூர்களிலும் நடக்கும் வீட்டு வேலைகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். கொத்தனார் நான்கு பேர், சித்தாள் நான்கு பேர், ஒரு மேஸ்திரி: ஆள்கணக்கில் பார்த்தாலும் ஒன்பதுதான்.

இந்த வேலைகளில் கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. சாரத்துக்குத் தனி வரி கிடையாது. கம்பும் கயிறும் பலகையும் அந்தக் கூலிக்குள்ளேயே மேஸ்திரியின் செலவு. மூன்றாவது பலகை போட்டால் அது அவர் கையிலிருந்து போகும் காசு. விபத்து நடந்த பிறகு வருகைப் பதிவேடு இல்லாததால், இறந்தவர் அங்கே வேலை செய்தார் என்பதையே குடும்பம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தன் தொழிலின் பகுதியாக உள்ள வேலையைக் காண்ட்ராக்ட் விடுகிறவரை இழப்பீட்டுச் சட்டம் பொறுப்பாக்குகிறது. குடியிருக்க வீடு கட்டுகிறவருக்குக் கட்டுமானம் தொழிலாகாது. ஆகவே பொறுப்பு இறங்கி இறங்கி மேஸ்திரியிடம் வந்து நிற்கிறது. அவருக்குச் சொத்தும் கிடையாது, காப்பீடும் கிடையாது. பெரும்பாலும் அவரும் அதே சாரத்தில் நின்று கரண்டி பிடிக்கிறவர்தான்.