வயலில் தண்ணீர், பயிருக்குத் தாகம்

(வானொலி உரை)



2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோர வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. அப்போது நான் வேலைக்குப் புதிது. ஒரு பெரியவர் வரப்பில் நின்றுகொண்டு, "வயல்ல தண்ணி நிக்குது சார், பயிரு காஞ்சு கருகுதே! யூரியா கூட வீசிப் பார்த்துட்டேன்" என்றார். அவருக்குப் புரியும்படி பதில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

பதில் கிடைத்தது திருவல்லிக்கேணியில், எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில்! பங்குனியில் அம்மா மாவடு போட்டார்கள். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் நாலு நாளில் வடு சுருங்கி, ஜாடியில் தண்ணீர் நின்றது. அது வடுவுக்குள் இருந்த தண்ணீர்தான். வெளியே இருந்த உப்பு அதை இழுத்துவிட்டது.

பயிரின் வேரும் இப்படித்தான். வேர் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. அது தண்ணீரை எளிதாக விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. உப்பு, சர்க்கரை எதுவும் கரையாத சுத்தமான தண்ணீருக்கு நகரும் திறன் அதிகம். கரைசல் ஏற ஏற அந்தத் திறன் குறையும். இதை நீரியல் திறன் என்பார்கள். திறன் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கே தண்ணீர் போகும். மேட்டு மடையிலிருந்து பள்ள மடைக்குப் பாய்கிற மாதிரிதான்.

நல்ல மண்ணில் வேருக்குள்தான் கரைசல் அதிகம். அதனால் தண்ணீர் உள்ளே போகிறது. செல் காற்றடித்த சைக்கிள் டியூப் போல விறைத்து, இலை நிமிர்ந்து நிற்கிறது. மண்ணில் உப்பு மிஞ்சினால் தண்ணீர் வேருக்குள் போகாது. வேரில் இருப்பதும் வெளியே வந்துவிடும். பெரும்பாலான பயிர்கள் காற்றழுத்தத்தைப் போல சுமார் 15 மடங்கு வரைதான் இழுக்க முடியும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் பிடித்து வைத்திருப்பதோ சுமார் 25 மடங்கு. பயிர் என்ன செய்யும், பாவம்! பிச்சாவரத்து வெண்கண்டல் மரம் மட்டும் கடல்நீரையே குடித்து, மிஞ்சிய உப்பை இலை வழியே தள்ளிவிடுகிறது. நெல்லுக்கு அந்த வித்தை கிடையாது.

யூரியாவும் தண்ணீரில் கரைகிற பொருள்தான். வாடிய பயிருக்கு அதை வீசினால், உப்போடு உப்பு சேர்த்த கதையாகிவிடும். இலைக்குத் தெளிப்பதானாலும் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் போதும். 'கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?' என்றால் இலை கருகும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கடலோரத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீரே போருக்குள் வந்துவிடும். அந்தத் தண்ணீரை மேலும் மேலும் பாய்ச்சுவது பயிருக்கு உப்பு ஊட்டுவதுதான்.

உவர் நிலமானால் வரப்பை உயர்த்தி, மழைநீரையோ ஆற்று நீரையோ தேக்கி, பிறகு வடிகாலில் வடியுங்கள். நாலைந்து முறை செய்ய வேண்டும். வடிகால் இல்லாமல் தேக்கினால் பயனில்லை. உப்பு அங்கேயே தங்கிவிடும். நிலத்தைக் காயப் போட்டாலும் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். களர் நிலமானால் தண்ணீர் மட்டும் போதாது. பரிசோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இட்டு, பிறகு வடியுங்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் நல்லது. நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 போன்ற தாங்கும் ரகங்கள் உண்டு. கொஞ்சம் முற்றிய நாற்றாக நடுங்கள்.

2005இல் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. சுனாமி ஏறிய வயல்களில் உப்பைப் பெருமளவு கழுவியது அந்த மழைதான். எல்லா ஆண்டும் அப்படி மழை வராது. ஆகவே வடிகாலை ஐப்பசிக்கு முன்பே தூர் வாரி வையுங்கள்.

அடுத்த முறை பயிர் வாடினால், மடையைத் திறப்பதற்கு முன் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் மடையைத் திறக்காதீர்கள்.