கொழுந்து முதல் கழிப்பறை வரை: மலையகத்தில் ‘பிளஷ்’

‘பிளஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாசகர் பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியோடு மட்டுமே சேர்த்து அறிவர். ஆனால் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் அது முதலில் துரைமாரின் சொல்லாக, மலை முழுவதும் ஒரே வேளையில் தளிர் விட்டு நிற்பதைக் குறிப்பதாகவே வழங்கிற்று. பின்னர் சுகாதாரத் துறையினரும், இறுதியில் அணைக்கட்டுப் பொறியாளர்களும் அதே சொல்லைத் தத்தம் பொருளில் இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தனர். எந்தப் பொருள் முதலில் வந்தது, எது தாமதமாக வந்தது என்பதைப் பார்த்தாலே தோட்டங்களின் வரலாற்றில் ஒரு பகுதி துலங்கிவிடும்.

சொல்லின் பிறப்பைப் பற்றிச் சொல்லாய்வாளரிடையே முழு உடன்பாடு இல்லை. பறவைகள் புதரிலிருந்து திடுக்கிட்டு மேலெழுவதை அது பழைய ஆங்கில வழக்கில் குறித்தது. பின்னர் நீர் திடீரெனப் பாய்வதையும், பாய்ச்சிக் கழுவுவதையும், முகத்தில் குருதி ஏறிச் சிவப்பதையும் குறிக்கலாயிற்று. கரை தொட்டு நிற்கும் ஆற்றின் நீர்மட்டம் கரையோடு சமமாக இருப்பதால், இரண்டு பரப்புகள் மேடுபள்ளமின்றிப் பொருந்துவதைத் தச்சரும் கொத்தரும் இச்சொல்லால் குறிக்கத் தொடங்கினர் என்பது பலர் ஏற்கும் விளக்கம். கையில் பணம் ததும்புவதைக் குறிக்கும் வழக்கும் அதே நிறைவிலிருந்து வந்ததே. சீட்டாட்டத்தில் ஒரே இனச் சீட்டுகள் சேர்வதைச் சொல்லும் ‘பிளஷ்’ மட்டும், ஓட்டம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு கிளை என்பர். அதற்கும் நீரோட்டம் முற்றிலும் அயலானதன்று.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட பின்னரும், 1869 முதல் பரவிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்த பின்னரும், மலைகள் தேயிலைக்கு மாறிய காலத்தில் இந்தச் சொல் தோட்டக் கணக்குகளில் நிலைபெற்றது. தேயிலைச் செடியின் மொட்டு இடைவிடாமல் வளர்வதில்லை. சில இலைகளை விரித்த பின் அது ஓய்வுக்குப் போகிறது. இலை விரிக்காமல் அடங்கிக் கிடக்கும் அந்த மொட்டுக்கு இந்தியத் தோட்டங்களிலிருந்து வந்த ‘பஞ்சி’ என்ற பெயர் உண்டு. ஓய்வு கலைந்து மொட்டுகள் மீண்டும் ஒருசேரக் கிளம்பும்போது, இரண்டு இலையும் ஒரு அரும்பும் கொண்ட கொழுந்து மேசைபோல் வெட்டப்பட்ட செடிப்பரப்பை மூடுகிறது. அந்த எழுச்சியே துரைமாரின் ‘பிளஷ்’. தொழிலாளருக்கு இதற்கெனத் தனிச்சொல் தேவைப்படவில்லை. கொழுந்து விழுகிறது என்றாலே எல்லாம் அடங்கிவிடும்.

நீரைக் குறித்த சொல் இலைக்கு ஆகிவந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் தாவரவியல் அதற்கு இடம் கொடுக்கிறது. தளிர் நீள்வது பெரிதும் அதன் உயிரணுக்களுக்குள் நீர் புகுந்து அவற்றை விரிப்பதனால்தான். மண்ணில் ஈரம் குன்றினாலோ, காற்று வறண்டு இலையிலிருந்து நீரை மிகுதியாக உறிஞ்சினாலோ அந்த விரிவு தடைப்படுகிறது. குளிரும் அதைத் தாமதப்படுத்துகிறது. பறித்த பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீரே என்பதால், தொழிற்சாலையின் மேல்மாடிகளில் அதை வாட்டியும், அரைத்தும், புளிக்கவைத்தும், உலர்த்தியும் முடிக்கும்போது ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது.

டார்ஜிலிங்கில் குளிர்காலம் முழுவதும் செடி உறங்குவதால், மார்ச் மாதத்தில் தொடங்கும் முதல் தளிர்ப்பும் அதன் பின் வரும் இரண்டாம் தளிர்ப்பும் தனித்தனிப் பெயரோடு உலகச் சந்தையில் விலைபோகின்றன. இலங்கை மலைகளில் அத்தகைய நீண்ட உறக்கம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கப்படுகிறது, அளவுதான் ஏறி இறங்குகிறது. திம்புலை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்க, செடி மெல்ல வளர்ந்து மணம் மிகுந்த இலையைத் தருகிறது. அதன் பின் பெய்யும் இடைப்பருவ மழையோடு ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவிகிறது. ஊவாச் சரிவுகளிலோ நறுமணப் பருவம் யூலை முதல் செப்டெம்பர் வரை வரும். கொழுந்து குறைந்த காலத்தில் தரமும், கொழுந்து மிகுந்த காலத்தில் எடையும் என்ற இந்த முரண் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏல விற்பனையில் விலையாக வெளிப்படுகிறது. தொழிலாளரின் கூலி மட்டும் எடையைத்தான் பின்தொடர்ந்தது.

ஒரு நாள் முழுக்கூலியைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பர். கொழுந்து மடுவத்தில், அதாவது எடை நிறுக்கும் கொட்டகையில், நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். வறட்சியில் செடி ஓய்ந்திருக்கும்போது எவ்வளவு விரைவான கையும் எடையைக் காட்ட முடியாது; அந்தக் குறைவுக்குக் காரணம் மழையின்மை என்றாலும் கணக்கில் அது பறிப்பவரின் குறைவாகவே பதிவாகும். கொழுந்து குவியும் வாரங்களில் நிலைமை தலைகீழாகிவிடும். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கும் திரும்பி வரவேண்டிய சுற்று பிந்தினால் இலை முற்றித் தரம் கெடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமையிலும் கிலோவுக்கு இவ்வளவு என்று ‘கைக்காசு’ வேலை நடக்கும். பெண்களின் விடுமுறையும் உறக்கமும் செடியின் தளிர்ப்பைப் பொறுத்தே அமைந்தன.

கழிப்பறையின் ‘பிளஷ்’ இங்கிலாந்தில் மிகப் பழையது. ஜோன் ஹாரிங்டன் 1596இல் நீர் பாய்ச்சிக் கழுவும் கழிப்பறையை விவரித்து நூல் எழுதினார். 1775இல் அலெக்சாண்டர் கமிங், குழாயை வளைத்து அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நாற்றத்தை மறிக்கும்படி செய்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே தேயிலைத் துரைமார் மலைக்கு வந்தபோது இந்த நுட்பம் அவர்களுக்குப் புதிதன்று. பங்களாவுக்கு அது வந்ததற்கும் லயத்துக்கு வந்ததற்கும் இடையேயான காலம்தான் நீண்டது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த ஓரறை வீடுகள். அவற்றுக்கு நெடுங்காலம் புதர் மறைவும், பின்னர் சற்றுத் தொலைவில் கட்டிய பொதுக் கழிப்பறை வரிசையுமே வாய்த்தன. அந்த வரிசைக்கு வழங்கிய ‘கக்கூஸ்’ என்ற பெயர் ஒல்லாந்தச் சொல். அதைக் கழுவும் வேலை பெரும்பாலும் ‘வாசக்கூட்டி’ எனப்பட்ட ஒருவர் மீது, சாதி பார்த்துச் சுமத்தப்பட்டது.

1916ஆம் ஆண்டளவில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. இப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, அங்கே பொரித்த இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலேறிக் குருதியை உறிஞ்சுவது. ஈரமான தேயிலை மலைகளில் செருப்பின்றி நடந்தவர்களுக்கு அதிலிருந்து தப்புவது அரிது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது எளிதாக இருந்தது, தொழிலாளி மறுவாரமே வேலைக்குத் திரும்பினார். ஆனால் கழிப்பறை இல்லாத மண்ணில் அதே புழு மீண்டும் ஏறியது. மருந்தை வரவேற்ற நிர்வாகங்கள் கழிப்பறைச் செலவுக்குத் தயங்கின. இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது, புழு பரவும் வழி அவர்களுக்கு விளக்கப்பட்டிருந்தது.

லயங்களுக்குப் பிற்காலத்தில் வந்தது தொட்டியும் சங்கிலியும் கொண்ட கழிப்பறையன்று. வளைந்த பாத்தியில் கையால் ஒரு வாளி நீரை ஊற்றிக் கழுவும் வகை. நீர் குறைவாகப் போதும் என்றாலும் அந்தக் குறைந்த நீரும் எங்கிருந்தோ வரவேண்டும். ஊற்றிலிருந்து நீரை இறக்கி விழச்செய்யும் ‘பீலி’ பல லயங்களுக்குப் பொதுவாக ஒன்றே இருக்கும் இடங்களில், குடிக்கவும் சமைக்கவும் சுமந்த குடத்தோடு கழிப்பறைக்கான குடமும் பெண்களின் இடுப்பிலேயே ஏறியது. மேட்டு லயத்தின் மலக்குழி சரிவான மண்ணில் கசிந்து பணிய லயத்தின் ஊற்றைக் கெடுப்பதும் உண்டு. வயிற்றோட்டமும் செங்கமாரியும் பரவ அதுவே ஒரு வழி.

மூன்றாவது ‘பிளஷ்’ அணைகளோடு வந்தது. நோர்டன் பிரிட்ஜை மையமாகக் கொண்ட லக்சபான மின்திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாக்கலை, 1985இல் கொத்மலை என நீர்த்தேக்கங்கள் தொடர்ந்து, 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் முடிந்தது. தேக்கத்தில் நீரோடு மண்ணும் தங்கும். அணையின் அடிக்கதவுகளைத் திறந்து வேகமாகப் பாயும் நீரால் அந்த வண்டலை வெளியே தள்ளுவதைப் பொறியாளர் இச்சொல்லால் குறிப்பர். வெள்ளம் வரும் பருவத்தில்தான் இது பயன்தரும், அதுவும் சிறிய தேக்கங்களில். பெரிய தேக்கங்களில் கதவுக்கு அருகே கிடக்கும் சேறு மட்டும் நகர, மேற்பகுதியில் படிந்தது அங்கேயே கிடக்கும்.

அந்த மண்ணில் ஒரு பங்கு தேயிலை மலைகளிலிருந்து வருவது. புல்லே தெரியாதபடி மண்ணைச் சுரண்டிக் களை எடுத்த கோப்பிக்கால வழக்கம் தேயிலைக்கும் தொடர்ந்ததால் மேல்மண் மழையோடு இறங்கியது. 1931இல் அரசு அமைத்த குழு மண்ணரிப்பைப் பற்றி அறிக்கையே தர நேர்ந்தது. சரிவைக் குறுக்காக வெட்டி நீரின் வேகத்தைத் தணிக்கும் ‘கான்’ அதற்கு ஒரு தடுப்பு. பழஞ்செடியைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்குமாறு தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிறது. அந்த ஆண்டுகளிலும், நட்ட கன்று வளரும் ஆண்டுகளிலும் அந்த மலையிலிருந்து ஒரு கிலோ கொழுந்தும் மடுவத்துக்கு வராது என்பதால் தோட்டங்கள் மறுநடுகையைத் தள்ளிக்கொண்டே போகின்றன.