பாக்கி இருப்பது ஒன்பதே ஒன்பது!

மொத்தம் 52 அத்தியாயங்கள். அதில் 43 பார்த்தாகிவிட்டது. பாக்கி ஒன்பது.

'டவுன்டன் அபே' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாவது சீசனை, அதாவது கடைசி சீசனைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் 2015 செப்டம்பர் 20-ஆம் தேதி தொடங்கி, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவோடு முடிந்துபோன விஷயம். ஊரெல்லாம் பார்த்து முடித்து இத்தனை வருஷங்கள் கழித்து இப்போது என்ன ஆவல் என்று அன்பர்கள் கேட்கலாம். பழைய சரக்குதான். ஆனால் பார்க்காதவர்களுக்கு அது புதுச் சரக்கு அல்லவா!

எங்கள் காலனியில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷமாகச் சனிக்கிழமை இரவுகளில் இதைப் பார்த்து வருகிறோம். வாரம் ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. ஐந்தாவது சீசன் சென்ற மாதம் முடிந்தது. ஆறாவதை உடனே தொடங்கவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் மே மாதம் வந்து சேரட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறோம், தீபாவளிக்கு வாங்கிய புடவையைப் பெட்டியில் வைத்திருப்பது போல. முடிவு என்னவென்று யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

இதுவரை நடந்த கதை

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1912 ஏப்ரல். டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தி யார்க்‌ஷயரில் உள்ள டவுன்டன் மாளிகைக்கு வருகிறது. கிரந்தம் பிரபுவுக்கு மூன்று பெண்கள்: மேரி, ஈடித், சிபில். பிள்ளை இல்லை. பட்டமும் சொத்தும் ஆண் வாரிசுக்கே போகவேண்டும். அந்த வாரிசும் அவர் தகப்பனாரும் கப்பலோடு போய்விட்டார்கள். அடுத்த உரிமைக்காரன் யார் என்று தேடினால், மான்செஸ்டரில் வக்கீல் தொழில் செய்யும் மேத்யூ என்ற தூரத்து உறவுக்காரன்! சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன் இந்த வீட்டுக்கு எஜமானனா என்று மாடியில் இருப்பவர்களும் முகம் சுளிக்கிறார்கள். கீழே சமையலறையில் இருப்பவர்கள் அதைவிட அதிகமாகச் சுளிக்கிறார்கள்.

அங்கே தொடங்கி முதல் உலகப் போர், கனடா ரயில்வே பங்கில் பிரபு பணத்தைத் தொலைத்தது, மேரி–மேத்யூ கல்யாணம், பிரசவத்தில் சிபில் இறந்தது, குழந்தை பிறந்த அன்றே மேத்யூ கார் விபத்தில் போனது என்று பன்னிரண்டு வருஷக் கதை ஓடி, 1924 கிறிஸ்துமஸில் வந்து நிற்கிறது. சிபில் இறந்த அத்தியாயத்தைப் பார்த்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "பெரிய டாக்டர், பெரிய டாக்டர்னு நம்பினாங்களே, ஊர் டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தா பொண்ணு பிழைச்சிருக்குமே!" என்று என் மாமியார் ஒரு வாரம் புலம்பினார்.

மாமியாருக்கு வயது 81. ஆங்கிலம் தெரியாது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அவள் ஊரில் இல்லாத நாட்களில் அந்த வேலை எனக்கு. பட்லர் கார்சன் அவருக்குக் 'காரியஸ்தர்'. வயலட் சீமாட்டி 'பெரிய பாட்டி'. வார நாளில் வக்கீல் வேலை, வாரக் கடைசியில் எஸ்டேட் வேலை என்று மேத்யூ சொல்ல, வாரக் கடைசி என்றால் என்னவென்று பெரிய பாட்டி நிஜமாகவே புரியாமல் கேட்கும் இடத்தில் எல்லோரும் சிரித்தோம். மாமியார் சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் என்னிக்கு ஞாயித்துக்கிழமை இருந்தது?" என்றார்!

வெள்ளைக்காரப் பிரபு கதை நமக்கு எதற்கு?

இந்தக் கேள்வி எங்கள் மூன்று குடும்பங்களுக்குள்ளேயே எழுந்தது. நியாயமான கேள்விதான். அந்தக் காலத்து இங்கிலாந்தின் செல்வச் செழிப்பில் நம் நாட்டிலிருந்து போனதும் உண்டு. கதையிலேயே ரோஸ் என்ற பெண்ணின் தகப்பனாருக்குப் பம்பாயில் உத்தியோகம் கிடைக்கிறது. பெண்ணை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறுகிறார். பம்பாயில் ஆளப்பட்டவர்கள் பாடு என்ன என்பது டவுன்டன் சாப்பாட்டு மேஜையில் பேச்சாக வருவது அபூர்வம்.

இன்னொன்று, இந்தத் தொடரில் வரும் எஜமானர்கள் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்கள். 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கிலாந்தில் பெண்கள் மிக அதிகமாகப் பார்த்த வேலை வீட்டு வேலைதான். விடியற்காலையில் எழுந்து கணப்பு மூட்டி, இரவு எஜமானியம்மாள் படுத்த பிறகு படுக்கப்போன அத்தனை பெண்களுக்கும் கிரந்தம் பிரபு போன்ற எஜமானர் கிடைத்திருப்பாரா?

இருந்தாலும் தொடரை எழுதிய ஜூலியன் ஃபெல்லோஸ் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். மாடிக்கும் சமையலறைக்கும் கதையில் சரிபாதி இடம் கொடுத்திருக்கிறார். சமையல்காரி பேட்மோர் அம்மாளின் கண் நோயும், மேரி சீமாட்டியின் காதலும் ஒரே கவனத்தோடு சொல்லப்படுகின்றன. படம் எடுத்த விதம் மட்டும் வேடிக்கை. மாடி நிஜமான மாளிகை: ஹாம்ப்ஷயரில் கார்னர்வன் பிரபு குடும்பத்துக்குச் சொந்தமான ஹைக்ளியர். (1922-இல் எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடிக்கப் பணம் கொடுத்தாரே, அதே பிரபு வம்சம்.) சமையலறையோ லண்டன் ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட். ஈலிங்கில் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறும் பணியாள், ஹாம்ப்ஷயரில் போய்ப் பரிமாறுகிறான்!

கடைசி சீசனில் என்ன காத்திருக்கிறது?

தொடக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். ஆண்டு 1925. வரவுக்குள் செலவை அடக்க முடியாமல் ஆட்குறைப்புப் பேச்சு வருகிறது. உதவி பட்லர் வைத்துக்கொள்கிற காலமெல்லாம் போய்விட்டது என்று பிரபுவே சொல்கிறாராம். பக்கத்து எஸ்டேட்டான மாலர்டன் விற்பனைக்கு வந்து, வீட்டுச் சாமான்கள் ஏலம் போகின்றன. அங்கே காலம் காலமாகக் குத்தகைக்கு இருந்த கிழவர் மேசனுக்கு நிலத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. கிராமத்து ஆஸ்பத்திரியை யார்க் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைப்பதா என்று பெரிய பாட்டிக்கும் மேத்யூவின் தாயார் இசபெல் அம்மாளுக்கும் சண்டை. கார்சனும் ஹியூஸ் அம்மாளும் வயதான காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். ஈடித் பெற்ற பெண்ணை வளர்ப்புப் பெண் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்த ரகசியம் அக்கா மேரிக்கு இன்னும் தெரியாது. தெரியும்போது வீடு என்ன ஆகும்?

இது வெறும் கற்பனைக் கஷ்டமும் இல்லை. 1894-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த வாரிசு வரி அப்போது அதிகபட்சம் 8 சதவீதம். போர் முடிந்து 1919-இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு அது 40 சதவீதம் ஆயிற்று. விளைச்சலுக்கு விலை இல்லை. வாரிசாக வரவேண்டிய பிள்ளைகள் பலர் போர்க்களத்தில் மாண்டுவிட்டார்கள். வேலைக்காரப் பெண்களுக்குக் கடையிலும் ஆபீசிலும் வேறு வேலைகள் கிடைக்கத் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இடித்துத் தள்ளப்பட்ட மாளிகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்த அழிவைக் காட்டவே 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது.

ஆகவே இந்தச் சீசனில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய வீட்டைத் தாங்கி நின்ற காலம் முடியும்போது, அதில் வாழ்ந்தவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? மானத்தோடா, மனக்கசப்போடா? கதவு திறக்கிறவனுக்கு இனி எங்கே வேலை?

முடிக்கத் தெரிந்தவர்கள்

இதே வகையில் முன்னோடி ஒன்று உண்டு. 1971 முதல் 1975 வரை ஒளிபரப்பான 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்'. அதுவும் ஐ.டி.வி. தொடர்தான், 68 அத்தியாயங்கள். லண்டனில் ஒரு பிரமுகர் வீடு, அதன் வேலைக்காரர்கள். கடைசியில் பங்குச் சந்தை வீழ்ச்சியில் குடும்பம் நொடித்து, வீடு விலைபோய், ரோஸ் என்ற வேலைக்காரப் பெண் காலி அறைகளில் தனியாக நடந்து போவதோடு அது முடிந்தது. டவுன்டனுக்கும் அந்தக் கதிதானோ என்ற கவலை எங்களுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2019, 2022, 2025 ஆண்டுகளில் மூன்று திரைப்படங்கள் வந்திருப்பதால், வீடு இடிந்துபோகவில்லை என்பது மட்டும் உறுதி!

இன்னொரு விஷயத்தைப் பாராட்டவேண்டும். 2015 மார்ச்சில், தொடர் நல்ல பெயரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆறாவதோடு நிறுத்துகிறோம் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். நம் ஊர் மெகா தொடர்களில் செத்தவர் பிழைத்து வருவதையும், ஆயிரம் நாள் தாண்டியும் அதே மாமியார் அதே மருமகளைப் பார்த்து முறைப்பதையும் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான். விருந்தில் போதும் என்று இலையை மடிக்கவும் ஒரு பக்குவம் வேண்டும்.

பெரிய பாட்டியாக நடித்த மேகி ஸ்மித் 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி, 89-ஆவது வயதில் காலமானார். அந்தச் சேதியை மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் பார்த்த பிறகு சொல்லலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் வீட்டு ஆறாவது சீசன்

மே மாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் மாமனார் கட்டிய ஓட்டு வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். மழைக்காலம் முடிந்ததும் ஓடு மாற்றப் பணம் அனுப்புகிறோம். யாரும் போய்த் தங்குவதில்லை. மூன்று பிள்ளைகள், இரண்டு பெண்கள், ஐந்து ஊர். இந்த விடுமுறையில் எல்லோரும் இங்கே கூடி, விற்பதா வைத்துக்கொள்வதா என்று பேசப்போகிறார்கள். கிரந்தம் பிரபுவின் பெண்களுக்கு இல்லாத வசதி ஒன்று எங்கள் நாத்தனார்களுக்கு உண்டு. 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதிலும் வாரிசுச் சட்டம் திருத்தப்பட்டபின், குடும்பச் சொத்தில் பெண்களுக்கும் சமபங்கு. அவர்களும் பேசுவார்கள்.

மாமியார் தம் அபிப்பிராயத்தை இதுவரை சொல்லவில்லை. ஐந்தாவது சீசன் முடிந்த அன்று மட்டும், "அந்த வீட்டை வித்துடுவாங்களா?" என்று மகளைக் கேட்டார். "எந்த வீடு பாட்டி?" என்றாள் அவள். "ரெண்டுலே எதுன்னாலும் சொல்லு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

முதலில் ஒன்பது அத்தியாயமும் பார்ப்போம், பிறகு பேசுவோம் என்று என் கணவர் தீர்மானித்திருக்கிறார். தொலைக்காட்சித் தொடர் பார்த்துச் சொத்து விஷயம் முடிவு செய்கிற குடும்பம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்! ஐந்து பேரும் ஒன்பது இரவு ஒரே கூடத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று? அடுத்தவர் வீட்டுக் கதையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், நம் வீட்டுக் கதையைக் கோபமில்லாமல் பேச வாய் வரும். அதுதான் அவர் கணக்கு. அம்மா எல்லார் முன்னாலும் தம் மனதைச் சொல்வார் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

சங்கத்து அன்பர்களுக்கு

நீங்களும் தொடங்குவதானால் சில யோசனைகள். முதல் சீசனிலிருந்தே தொடங்குங்கள். நடுவில் நுழைந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று தலை சுற்றும். ஒரே மூச்சில் நான்கைந்து பார்க்காதீர்கள். ஒன்று பார்த்து, ஒரு வாரம் பேசுங்கள். எழுத்து ஓடும்படி வைத்துக்கொண்டால் யார்க்‌ஷயர் உச்சரிப்பு தொல்லை தராது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள். சொல்கிற பிள்ளைக்குத் தமிழ் வரும். கேட்கிற பெரியவருக்குத் துணை வரும். இந்தி பேசும் ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வேறு எந்த வகுப்பில் இது கிடைக்கும்?

ஜூன் மாதம் சந்திக்கும்போது டவுன்டன் முடிந்திருக்கும். எங்கள் கிராமத்து வீட்டு விஷயமும் ஒரு வழிக்கு வந்திருக்கும். அதுவரை, பார்த்து முடித்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்கவேண்டாம்!