காத்திருந்த கோல் கீப்பர்

லெவல் கிராசிங் கேட்மேனையும் கால்பந்து கோல் கீப்பரையும் ஒரே தராசில் வைக்கலாம். ஆயிரம் வண்டிகள் பத்திரமாகப் போனால் கேட்மேனின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் கேட் மூடத் தாமதமானால் ஊர் முழுவதும் அவர் பேச்சுத்தான். கோல் கீப்பர் கதையும் அதுவே. பத்துப் பேர் ஓடியாடிப் பெயர் வாங்குவார்கள். இவர் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட சட்டத்தின் முன் நின்று பழியை வாங்குவார்.

அதிலும் இரண்டாவது கோல் கீப்பர் பாடு இன்னும் சங்கடம். மற்ற ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி இறக்குவார்கள். கோல் கீப்பரை லேசில் மாற்ற மாட்டார்கள். முதல் ஆளுக்கு அடிபட்டால்தான் இரண்டாம் ஆளுக்கு வேலை. அப்படிக் காத்திருந்தே பெயர் வாங்கியவர் போர்ச்சுகல் நாட்டின் பெட்டோ.

கீழ்ப்பிரிவில் பிழைப்பு

1982-ல் லிஸ்பனில் பிறந்தவர். முழுப்பெயர் அந்தோனியோ அல்பெர்ட்டோ பாஸ்டோஸ் பிம்பரெல். அந்நகரின் பெரிய குழுவான ஸ்போர்ட்டிங்கில் சிறுவனாகப் பயிற்சி பெற்றார். ஆனால் பெரிய குழுவின் கதவு அப்போது திறக்கவில்லை. காசா பியா, ஷாவேஸ், மார்க்கோ என்று கீழ்ப்பிரிவுக் குழுக்களில் அலைந்தார். சிறிய மைதானம், குறைந்த கூட்டம், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கவலை. தற்காலிக வேலையில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2006-ல் லெய்ஷோஸ் குழுவில் சேர்ந்தார். போர்ட்டோ நகரை ஒட்டிய மீன்பிடித் துறைமுகமான மாட்டோசினோஸ்தான் அந்தக் குழுவின் ஊர். மறு ஆண்டே அந்தக் குழு இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று முதல் பிரிவுக்கு ஏறியது. 2008-09 பருவத்தில் பெரிய குழுக்களுக்கு நடுவே ஆறாவது இடம் பிடித்தது. பெட்டோவின் பெயர் வெளியே தெரிந்தது. 2009-ல் போர்ட்டோ குழு அழைத்துக் கொண்டது. அங்கே பிரேசில்காரர் ஹெல்ட்டன் முதல் கோல் கீப்பர். பெட்டோவுக்குப் பெரும்பாலும் பெஞ்சுதான்.

சும்மா உட்கார மனமில்லாமல் ருமேனியாவின் குளூஜ் குழுவுக்குப் போனார். 2012-ல் அந்தக் குழு நாட்டின் சாம்பியன் ஆனது. பிறகு பிராகா, அங்கிருந்து 2013-ல் ஸ்பெயினின் செவில்லா.

அந்த ஒரு இரவு

2014 மே 14. இத்தாலியின் டூரின் நகரம். யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். எதிரே நின்றது பெட்டோவின் சொந்த ஊர்க் குழுவான பென்பிகா. 120 நிமிடம் ஆடியும் இரு தரப்பும் கோல் போடவில்லை. பெனால்டி உதையில் முடிவு என்றாயிற்று. கார்டோசோ உதைத்ததைத் தடுத்தார். அடுத்து ரோட்ரிகோ உதைத்ததையும் தடுத்தார். 4-2 என்று செவில்லா கோப்பையை வென்றது.

உதைக்கு முன்பே பெட்டோ கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டார் என்று புகார் எழுந்தது. படத்தைப் பார்த்தால் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவர் விசில் ஊதவில்லை. பென்பிகாவுக்கு 1962-க்குப் பிறகு ஐரோப்பிய இறுதி ஆட்டங்களில் அது எட்டாவது தோல்வி. பழைய பயிற்சியாளர் பேலா கட்மன் இட்ட சாபம் என்று ரசிகர்கள் தலையில் கை வைத்தார்கள்.

உலகக் கோப்பையில்

2010, 2014, 2018 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளுக்கும் போர்ச்சுகல் அணியோடு போனார் பெட்டோ. ஆடியது இரண்டே ஆட்டங்கள். இரண்டும் 2014-ல் பிரேசிலில். முதல் கோல் கீப்பர் ரூயி பட்ரிசியோ காயம்பட்டதால் அமெரிக்காவுக்கு எதிராக இறங்கினார். அது 2-2 என முடிந்தது. அடுத்த கானா ஆட்டத்தின் கடைசி நேரத்தில் இவருக்கே அடிபட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2016-ல் போர்ச்சுகல் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது அணிப் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

முன்பு கதவு திறக்காத ஸ்போர்ட்டிங் குழு 2016-ல் அவரைத் திரும்ப அழைத்தது. அங்கும் பட்ரிசியோதான் முதல் ஆள். பிறகு துருக்கியில் சில ஆண்டுகள். 2020-ல், 38 வயதில், பழைய லெய்ஷோஸ் குழுவுக்கே திரும்பினார். அந்தக் குழு அப்போது மறுபடியும் இரண்டாம் பிரிவில் இருந்தது. கோப்பை வென்ற கைக்கு இது கௌரவக் குறைவு என்று அவர் எண்ணவில்லை. அதன் பிறகும் பின்லாந்து வரை போய் ஆடினார்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த நாட்களே அதிகம். ஆனால் உட்கார்ந்திருந்த நாட்களிலும் அவர் பயிற்சியை விடவில்லை. கூப்பிட்ட அன்று கை தயாராக இருந்தது. டூரினில் இரண்டு பந்துகளைத் தடுத்தது அந்தக் கைதான்.