தொட்டுப் பார்க்க முடியாதவருக்காக ஒரு பக்கம்

அஞ்சலில் பொருள் அனுப்பி விற்கும் நிறுவனங்களின் கேட்லாக் என்றதும் பலரும் முதலில் அதன் அழகைப் பற்றித்தான் பேசுவார்கள். வழவழப்பான தாள், பளிச்சென்ற படம், கண்ணை இழுக்கும் அட்டை. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனாலும் அழகான பல கேட்லாக்குகள் விற்பதில்லை. பார்க்கச் சாதாரணமான சில, வருடக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்திருக்கின்றன. அந்த வித்தியாசம் பக்க அமைப்பில் இருக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாக அதைப் பார்ப்போம்.

ஜவுளிக்கடையில் என்ன நடக்கிறது? புடவையைக் கேட்டதும் கடைக்காரர் விரித்துப் போடுகிறார். முந்தானையைக் காட்டுகிறார். வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்க்கச் சொல்கிறார். நாம் துணியை விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறோம். சாயம் போகுமா, ரவிக்கைத் துணி சேர்ந்து வருகிறதா, இதே மாதிரி கொஞ்சம் குறைந்த விலையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறோம். ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பதில் கிடைக்கிறது. கேட்லாக்கில் இந்தப் பேச்சு முழுவதும் தாளிலேயே நடந்தாக வேண்டும். கேட்பவர் எங்கோ தொலைவில் தன் வீட்டில் இருக்கிறார். பதில் சொல்ல அவர் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் மனத்தில் கேள்விகள் எந்த வரிசையில் எழும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலை அவர் கண் போகும் இடத்தில் வைப்பதுதான் லேஅவுட்.

இதை முதலில் பெரிய அளவில் கற்றுக்கொண்டவர்கள் அமெரிக்க வணிகர்கள். 1872-இல் சிகாகோவில் ஆரன் மான்ட்கோமரி வார்டு வெளியிட்ட முதல் பட்டியல் ஒரே ஒரு தாள். அதில் 163 பொருட்கள் இருந்தன. பின்னால் வந்த சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் கேட்லாக், 1895-இலேயே 532 பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. காலணி, அடுப்பு, சேணம், இசைக்கருவி, சைக்கிள், குழந்தை வண்டி எல்லாம் அதில் இருந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நகரத்தையே அபூர்வமாகப் பார்க்கும் விவசாயக் குடும்பங்கள். கிராம வீடுகளுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு அங்கே 1896-இல் தொடங்கியது; அரசு பார்சல் சேவை 1913-இல் வந்தது. இவை இரண்டும் சேர்ந்து அந்தத் தடித்த புத்தகத்தை ஒவ்வொரு வீட்டுக்குமான கடையாக்கின.

அந்தப் பழைய பக்கங்களை இன்று பார்த்தால் நெருக்கமாகத்தான் தெரியும். சின்னச் சின்ன மரச்செதுக்குப் படங்கள், பொடி எழுத்து. ஆனால் அதன் வரிகளைக் கவனியுங்கள். பொருளின் எண், அளவு, எதனால் செய்தது, விலை, பல பொருட்களுக்கு அனுப்பும்போது ஆகும் எடை. எடை எதற்கு? தூரத்தையும் எடையையும் வைத்து அனுப்பும் கட்டணத்தை வாங்குபவர் தானே கணக்கிட்டுக்கொள்ளலாம். ‘மொத்தத்தில் எனக்கு எவ்வளவு ஆகும்?’ என்ற கேள்விக்கு அந்த ஒரு எண் பதில் சொல்லிவிடுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்த்தாள், ஆண்களின் சூட் துணி ஆகியவற்றின் உண்மையான மாதிரித் துண்டுகளையே சியர்ஸ் கேட்லாக்கில் சேர்த்தது. தொட்டுப் பார்க்கும் ஆசையைத் தாளில் தீர்த்துவைக்க அதைவிட நேரடியான வழி இல்லை.

இனி ஒரு பக்கத்தை நாமே அமைப்போம். முதலில் மனத்தில் வைக்க வேண்டியது, படிப்பவர் தனிப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை என்பது. புத்தகத்தை விரித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே பரப்பாகத்தான் கண்ணில் படுகின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்தப் பரப்பில் ஒரு பொருள் மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்கட்டும். எட்டுப் படங்களும் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே இறங்குவது என்று தெரியாமல் அலைந்து, அடுத்த தாளைப் புரட்டிவிடும். பெரிய படத்தில் இறங்கிய கண், அதை ஒட்டியுள்ள சிறிய படங்களுக்குத் தானாகவே நகரும். படத்தில் இருக்கும் மனிதர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம்தான் நம் பார்வையும் போகும். அவர் புத்தகத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் நாமும் வெளியே போய்விடுவோம். உள்நோக்கிப் பார்த்தால் விவரம் இருக்கும் இடத்துக்கு அவரே நம்மைக் கூட்டிப்போவார்.

அடுத்தது, படத்துக்கும் விவரத்துக்கும் உள்ள தூரம். படத்தின் கீழோ பக்கத்திலோ விவரம் ஒட்டி நிற்பதுதான் நல்லது. ஒரே படத்தில் பல பொருட்கள் இருந்தால் ஒவ்வொன்றின் மீதும் அ, ஆ, இ என்று குறியிட்டு, அதே வரிசையில் விவரங்களை அடுக்க வேண்டும். குறி படத்தில் இடமிருந்து வலமாகவும், விவரம் மேலிருந்து கீழாக வேறொரு வரிசையிலும் போனால், வாங்க நினைத்தவர் தேடிக் களைத்துப்போவார். தேடல் நீளும் ஒவ்வொரு நொடியிலும் வாங்கும் எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

இப்போது இந்தத் தொழிலின் மையமான கணக்குக்கு வருவோம். அச்சுக்கூலி, தாள், தபால் செலவு எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஒரு தொகை ஆகிறது. ஒரு பேச்சுக்கு 40,000 ரூபாய் என்று வையுங்கள். பக்கம் 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம். மொத்தம் 80 சதுர அங்குலம். அப்படியானால் ஒவ்வொரு சதுர அங்குலமும் 500 ரூபாய் வாடகை கேட்கிறது. கால் பக்கம் எடுத்துக்கொண்ட ஒரு விளக்கு, கொள்முதல் விலை போக ஒன்றுக்கு 300 ரூபாய் மிச்சம் தந்து, 60 விற்றால் 18,000 ரூபாய். அதன் இடத்துக்கான வாடகை 10,000. மீதி 8,000. அரைப் பக்கம் எடுத்துக்கொண்ட ஒரு நாற்காலி, ஒன்றுக்கு 350 ரூபாய் தந்து, 50 விற்றால் 17,500 ரூபாய். வாடகையோ 20,000. விற்றுக்கொண்டிருந்தபோதே அது 2,500 ரூபாயை விழுங்கியிருக்கிறது.

எத்தனை விற்றது என்று மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பொருட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். இடத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது. ஆகவே அனுபவமுள்ள கேட்லாக்காரர்கள் ஒவ்வொரு பதிப்புக்குப் பிறகும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தச் சதுர அங்குலக் கணக்கைப் போட்டு, அடுத்த பதிப்பில் இடத்தை மறுபடி பங்கிடுகிறார்கள். ஆனால் இதிலும் பொறுமை வேண்டும். இடத்தை இரட்டிப்பாக்கினால் விற்பனை இரட்டிப்பாகும் என்ற உறுதி இல்லை. பாதியாக்கினால் விற்பனை பாதியாகிவிடும் என்பதும் இல்லை. நாற்காலியைக் கால் பக்கத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். 35 விற்றாலும் 12,250 ரூபாய் வந்து வாடகையைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி, விளைவைப் பார்த்து, மறுபடி மாற்றுவதுதான் முறை.

எல்லாப் பக்கங்களும் சமமானவையும் அல்ல. முன்னட்டை, பின்னட்டை, அட்டைகளின் உட்பக்கங்கள், தொடக்கப் பக்கங்கள், ஆர்டர் படிவத்தை ஒட்டிய பக்கங்கள் ஆகியவை அதிகம் பார்க்கப்படுபவை. நடுப்பக்கத்தின் மதிப்பு தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்டர் பின் அடித்த புத்தகத்தில் அந்த இடம் தானாகத் திறந்து, தட்டையாகக் கிடக்கும். ஒரே தாளாக இருப்பதால் படத்தை இரு பக்கத்துக்கும் தைரியமாகப் பரப்பலாம். முதுகில் பசை ஒட்டிய தடித்த கேட்லாக் என்றால் நடுவில் சில மில்லிமீட்டர் உள்ளே அமிழ்ந்துவிடும். அங்கே முகமோ, விலையோ, பொருளின் முக்கியமான பகுதியோ விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னட்டை பலரும் மறந்துபோகும் இடம். தபால்காரர் மேசையில் போடும்போது அது மேலே விழ நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே வெறும் முகவரியை மட்டும் அச்சிடுவது நல்ல மனையைத் தரிசாகப் போடுவதுதான்.

எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்று கேட்பார்கள். பொருளை வாங்குபவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதே அதற்கு அளவுகோல். தீபாவளிக்கு முன் கைக்கு வரும் சிவகாசிப் பட்டாசு விலைப்பட்டியலைப் பாருங்கள். எண், பெயர், அளவு, விலை என்று நான்கு கட்டங்கள். பெரும்பாலும் வேறெதுவும் இல்லை. புஸ்வாணமும் சங்குசக்கரமும் என்ன செய்யும் என்று குழந்தைக்கும் தெரியும் என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. வானத்தில் புதுவிதமாக விரியும் ஒரு வெடிக்கு அந்தக் கட்டம் போதாது. அதற்குப் படமும் இரண்டு வரி விளக்கமும் தேவை. ஸ்வீடனின் ஐக்கியா தன் கேட்லாக்கை 1951-இல் தொடங்கி 2021 பதிப்போடு நிறுத்தியது. அதில் முழு அறைகளையே அலங்கரித்துக் காட்டினார்கள். சோபாவை நீங்கள் முன்பே அறிவீர்கள். அது உங்கள் கூடத்தில் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவ்வளவு பெரிய படம்.

அளவு பற்றிய கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் அதிகம் ஏமாற்றுவது அங்கேதான். வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் பாத்திரம் ஒரு லிட்டரா, ஐந்து லிட்டரா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு கையோ, எலுமிச்சம்பழமோ இருந்தால் உடனே புரிந்துவிடும். ஒரே பக்கத்தில் இருக்கும் பொருட்களின் படங்கள் தம்முள் அளவுப் பொருத்தத்தோடு இருந்தால் இன்னும் நல்லது. நிறமும் அப்படித்தான். அச்சில் மெரூன் சற்றே சிவந்துவிட்டால், வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் ஏமாறுகிறார்; பொருள் திரும்பி வருகிறது. திரும்பி வரும் ஒவ்வொரு பொருளும் இரண்டு முறை தபால் செலவைத் தின்கிறது. அதற்கு மேல், ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போகிறது. எனவே முதல் அச்சுத்தாளை உண்மையான பொருளுக்கு அருகில், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் அச்சுக்கு ஒப்புதல் தரக் கூடாது.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருப்புப் பின்னணியில் பொடியான வெள்ளை எழுத்து வேண்டாம்; மை சற்றுப் பரவினாலும் எழுத்து அடைபடும். தமிழில் சுழிகள் நிறைந்த ண, ணை, ஞ போன்றவை முதலில் பலியாகும். வரிகள் பக்கத்தின் குறுக்கே நீளமாக ஓடினால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும். எண், அளவு, நிறம், விலை ஆகியவை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே வரிசையில் வரட்டும். மூன்றாவது பொருளைப் பார்ப்பதற்குள் வாசகருக்கு அந்த வரிசை பழகிவிடும்; பிறகு வேகமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஒப்பிடுவதற்கு வசதி செய்வதும் பக்கத்தின் வேலைதான். சியர்ஸ் தன் பொருட்களை நல்லது, அதைவிட நல்லது, எல்லாவற்றிலும் நல்லது என்று மூன்று தரமாகப் பிரித்து அருகருகே காட்டியது. கொஞ்சம் குறைந்த விலையில் உண்டா என்ற கேள்விக்கும், கூடுதல் பணம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கும் ஒரே பார்வையில் பதில் கிடைத்தது. அதேபோல, விளக்கை விற்கும் இடத்தில் அதற்கான பல்பும் இருக்க வேண்டும். இருபது பக்கம் தள்ளி வைத்தால் யாரும் போய்த் தேடமாட்டார்கள்.

கடைசியாக ஆர்டர் படிவம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரை எவ்வளவு மதிக்கிறது என்பது இங்கே தெரிந்துவிடும். தவறாக எழுதிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த முறையில், எந்த மொழியிலும் எழுதலாம் என்று சியர்ஸ் தன் கேட்லாக்கில் சொன்னது. ஐரோப்பாவிலிருந்து குடியேறி ஆங்கிலம் தடுமாறிய குடும்பங்களுக்கு அந்த வரி எவ்வளவு தெம்பு தந்திருக்கும்! அமெரிக்கத் தெற்கில் நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில், ஊர்க் கடையில் கடைசியாக நிறுத்தப்பட்ட கறுப்பின மக்களால் கேட்லாக் வழியாக மற்றவர்களைப் போலவே, அதே விலைக்கு வாங்க முடிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். படிவத்தில் கட்டங்கள் கையால் எழுதப் போதுமான அகலத்தில் இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற உறுதிமொழி அதன் அருகிலேயே இருக்க வேண்டும். பேனாவை எடுத்த பிறகுதான் மனம் தயங்குகிறது. மான்ட்கோமரி வார்டு 1875-லேயே பணத்தைத் திருப்பித் தரும் உறுதியைக் கொடுத்தது. நம் நாட்டில் பொருளைக் கையில் வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கொடுக்கும் வி.பி.பி. முறை, பல தலைமுறைகளுக்கு இதே தயக்கத்தைத் தீர்த்துவைத்தது.

சியர்ஸின் பெரிய கேட்லாக் 1993-இல் நின்றுவிட்டது. இன்று பலர் கைபேசியில் படம் அனுப்பியே புடவையும் மசாலாப்பொடியும் விற்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விகள்தான் வருகின்றன: நீளம் எவ்வளவு, நிறம் இதேதானா, அனுப்ப எவ்வளவு ஆகும், சரியில்லை என்றால் என்ன செய்வது. தாள் போய்த் திரை வந்திருக்கலாம். கேட்பவரின் தேவை மாறவில்லை.

அச்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் மாதிரிப் பக்கத்தையும் ஆர்டர் படிவத்தையும் கொடுத்து, ஏதாவது ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்து, வாயைத் திறக்காமல் கவனியுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொண்டு, எந்தப் படத்தைப் பார்த்தபோது அதைக் கேட்டார் என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே பதிலை வையுங்கள். அதற்கு இடமில்லை என்றால் அலங்காரத்தைக் குறையுங்கள். அடுத்தவரிடம் கொடுங்கள். ஒருவர் எதையும் கேட்காமல் படிவத்தை நிரப்பி முடிக்கும்போது அச்சகத்துக்கு அனுப்பலாம்.