ஈயம் போதாதா?

சங்கக் கூட்டத்தில், பிரான்சில் எழுந்துவரும் ஐட்டர் இணைவு உலை பற்றிப் பேசியபோது ஓர் அன்பர், "ஈயச் சுவர் போதாதா, சார்?" என்றார். போதாது என்றேன். ஈயம் காமா கதிருக்குச் சரி. இங்கே தொல்லை, 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேக நியூட்ரான். மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலத்துக்கும் அடங்காது.

கேரம் காய் சட்டத்தில் மோதினால் துள்ளித் திரும்பும். இன்னொரு காயில் நேராக மோதினால் நின்றுவிடும். நியூட்ரானுக்குச் சம எடைக் காய், நீரிலுள்ள ஹைட்ரஜன். வேகம் தணிந்ததைப் போரான் விழுங்கும். எனவே உலைக்கலத்தின் இரட்டைச் சுவர்களுக்கிடையே எஃகுக் கட்டிகள், அவற்றில் பல போரான் கலந்தவை, இடுக்கெல்லாம் நீர். கசிவு மிஞ்சினால், மைனஸ் 269 டிகிரியில் வேலை செய்யும் மீக்கடத்திக் காந்தங்கள் சூடேறும், உலை நின்றுவிடும்.

அந்தக் கட்டிகள் சுமார் 9,000. செய்தது நம் பெங்களூரில்!