உஷார்! ஏப்ரல் பில் மே மாதத்துக்கு ஓடிப்போகும்

பில், வருகைப்பதிவு, சரக்கு வரவு என்று எதையாவது பாண்டாஸ் என்னும் தரவு நிரல்தொகுப்பில் போட்டுக் கணக்குப் பார்க்கிறவரா நீங்கள்? மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக ஓட்டிய ஃபைலைத் திறந்து, தேதிப் பத்தியில் ஆகப் பிந்தைய தேதி எது என்று பாருங்கள். இன்னும் பிறக்காத மாதம் ஒன்று அதில் உட்கார்ந்திருந்தால், உங்கள் கணக்கு ஏற்கனவே கெட்டுவிட்டது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஊர் திமிரி. ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் கம்பெனிகளுக்குக் கணக்கு ஓட்டிக் கொடுப்பது பிழைப்பு. 2024 மே கடைசியில் ஒரு போன். எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, நாலு மெஷினில் அந்தக் கம்பெனிகளில் ஒன்றுக்கு ஷூவின் மேல்பகுதி தைத்துக் கொடுக்கும் அண்ணன்.

“தம்பி, ஏப்ரல் அஞ்சாந்தேதி பில்லுக்கு இன்னும் பணம் வரலியேப்பா. ஆபீஸ்ல கேட்டா, கம்ப்யூட்டர்ல இன்னும் நாள் இருக்குன்னு சொல்றாங்க.”

“இருங்கண்ணே, பாத்துட்டுச் சொல்றேன்.”

பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. பில்லில் 05/04/2024 என்று தெளிவாக இருக்கிறது. நான் எழுதிய நிரல் அதை மே 4 என்று படித்து வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது 2006ஆம் வருடத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அண்ணனுக்கு மே 20க்குள் போயிருக்க வேண்டிய பணத்துக்கு என் நிரல் காட்டிய கெடு ஜூன் 18. 29 நாள் தள்ளிப்போயிருக்கிறது. கூலிக்காரர்கள் அதுவரை பொறுப்பார்களா?

பாண்டாஸை 2008இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது எழுதத் தொடங்கியவர் வெஸ் மெக்கின்னி. நாம் ஒன்றும் சொல்லாமல் தேதியைக் கொடுத்தால் அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தைத்தான் முதலில் பார்க்கும். நமக்கோ நாள் முதலில். 13 முதல் 31 வரையிலான தேதிகள் தப்பித்துவிடும். பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதே. 12ஆம் தேதி வரை உள்ளவைதான் புரளும். 1/1, 2/2 போன்றவை புரண்டாலும் அதே தேதி. அவற்றைக் கழித்தால் வருடத்தில் 132 நாள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல்!

அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய பதிப்பு, 1.5. அது ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக ஊகிக்கும். ஒரே பத்தியில் 18/04 ஏப்ரல் 18 ஆகும். பக்கத்து வரி 05/04 மே 4 ஆகும். பாதிக்கு மேல் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. எச்சரிக்கையாக ஒரு வரி ஓடியிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

2023 ஏப்ரலில் வந்த 2.0இல் இதைத் திருத்தினார்கள். இப்போது முதல் வரியைப் பார்த்து வடிவத்தை ஊகித்து, மற்ற எல்லா வரிக்கும் அதையே பிடிக்கிறது. அப்பாடா என்று சாய்ந்துவிடாதீர்கள். முதல் வரி 18/04 என்றால் எல்லாம் சரி. முதல் வரி 05/04 என்றால், 18/04 வரும் இடத்தில் பிழை காட்டி நிற்கும். அதாவது, யாரோ ஃபைலை வரிசை மாற்றி அனுப்பினால் உங்கள் விடையும் மாறும். எல்லாவற்றையும்விட ஆபத்து, மாதம் பிறந்து பத்து நாளில் அனுப்பும் ஃபைல். அதில் 12ஐத் தாண்டிய தேதியே இல்லை. பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. ஒட்டுமொத்தமாகப் புரண்டு கிடக்கும்.

பிழை வருகிறதே என்று எரிச்சலில் சிலர் ‘கோயர்ஸ்’ என்ற வழியைப் போட்டு வாயை அடைப்பார்கள். அப்போது படிக்க முடியாத தேதி எல்லாம் ‘நேட்’ ஆகிவிடும். தேதியே இல்லை என்று பொருள். பில் இருக்கும், தொகை இருக்கும், மாத வாரியாகக் கூட்டும்போது மட்டும் காணாமல் போகும்.

தேதியைச் சரி செய்தாயிற்றா? நேரம் காத்திருக்கிறது. வருகைப்பதிவு மெஷின்கள் சில உலகப் பொது நேரத்தில் எழுதும். நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 விடிகாலை 5 மணிக்கு ஷிப்ட் முடித்துக் கைவிரல் வைத்தவர், ஃபைலில் மார்ச் 31 இரவு 11.30. நாள் மட்டுமா போச்சு, நிதியாண்டே மாறிப்போச்சு. இதைச் சரிசெய்யப் பாண்டாஸில் இரண்டு கருவி உண்டு. ‘லோக்கலைஸ்’ என்பது எந்த ஊர் நேரம் என்று முத்திரை குத்துவது. ‘கன்வர்ட்’ என்பது கடிகாரத்தைத் திருப்புவது. முதலில் பொது நேரம் என்று முத்திரை, பிறகு ஏசியா/கொல்கத்தாவுக்குத் திருப்பல். பொது நேரத்துக்கு நேராக இந்திய முத்திரை குத்தினால் எண் அப்படியே நிற்கும், பொய் மட்டும் உறுதியாகும்.

மாதக் கடைசியிலும் ஒரு பள்ளம். நேரத்தோடு கூடிய பத்தியில் ‘ஏப்ரல் 30 அல்லது அதற்கு முன்’ என்று ஒப்பிட்டு வடிகட்டினால், 30ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 12 மணியோடு வெட்டிவிடும். அன்று காலை வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் சம்பளம் இல்லை! ‘மே 1க்கு முன்’ என்று எழுதுங்கள்.

எக்செல் தரும் 45383 போன்ற வெற்று எண்ணும் வில்லங்கம்தான். அது 2024 ஏப்ரல் 1. அலகு சொல்லாமல் கொடுத்தால் பாண்டாஸ் அதை நானோ நொடியாக எண்ணி 1970 ஜனவரி 1 என்று வைத்துவிடும். 1970 கண்ணில் பட்டால் இதுதான் சங்கதி. அலகு நாள், தொடக்கம் 1899 டிசம்பர் 30 என்று சொன்னால் சரியாகிவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை:

1. ஊகிக்க விடாதீர்கள். நாள், மாதம், நான்கு இலக்க வருடம் என்று ‘ஃபார்மட்’டை நீங்களே எழுதுங்கள். நாள் முதலில் என்று சொல்லும் ‘டே ஃபர்ஸ்ட்’ மட்டும் போதாது. அது கண்டிப்பு இல்லாத காவல்காரன், முதல் வரியிலேயே 04/18 வந்தாலும் உள்ளே விட்டுவிடும்.

2. படித்தவுடன் மூன்றைப் பாருங்கள்: ஆக முந்தைய தேதி, ஆகப் பிந்தைய தேதி, ‘நேட்’ எத்தனை.

3. பத்தியின் வகையைப் பாருங்கள். சிஎஸ்வி ஃபைலைத் திறக்கும்போதே தேதியாக்கச் சொன்னாலும், முடியாவிட்டால் சத்தமில்லாமல் எழுத்தாகவே விட்டுவிடும். எழுத்தை வரிசைப்படுத்தினால் மே 1, ஏப்ரல் 2க்கு முன்னால் நிற்கும்.

4. பழைய பதிப்பில் ஓட்டிய கணக்குகளைத் திரும்ப ஓட்டுங்கள், குறிப்பாக 12ஆம் தேதி வரையிலான பில்களை.

நான் திரும்ப ஓட்டினேன். அண்ணன் பில்லோடு சேர்த்து இன்னும் பல பில்கள் அகப்பட்டன, எல்லாம் சின்ன ஷெட்டுக்காரர்களுடையவை. பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அண்ணன் என்னை நம்பி உட்காரவில்லை. அடுத்த பில்லில் மாதத்தை எண்ணில் எழுதாமல், ஆங்கிலத்தில் ஜூன் என்று எழுத்திலேயே எழுதி அனுப்பினார்.

“இனிமே உன் மெஷினு எப்படிப் படிச்சாலும் ஜூன்தானே தம்பி?”